நூத்தி ரெண்டு பெட்டி

தொலைபேசி ரிசீவரின் பேசும் முனையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தலையை மட்டும் என் பக்கம் திருப்பி, "நூத்தி ரெண்டு" என்பார் நானா. நான் திரையில் திறந்திருக்கும் வெள்ளைக் கட்டத்தில் 102 என்று அடிப்பேன். அடித்தாயிற்றா என்று புருவத்தாலேயே கேட்பார். நான் தலையாட்டியதும் கையை எடுத்துவிட்டு வியட்நாமிய மொழிக்குத் தாவிவிடுவார். மறுமுனையில் மேகாங் ஆற்றுப் பக்கத்திலிருந்து ஏதோ ஒரு ஊரின் மொத்த வியாபாரி உரக்கப் பேசிக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கை பொத்தும், தலை திரும்பும், ஒரு தமிழ் எண் என் பக்கம் வரும். அந்தக் கையும் அந்தக் கழுத்துத் திருப்பலும் இன்னும் கண் முன்னாலேயே நிற்கின்றன. சைகோனில் இத்தனை வருடமாக வேலை பார்க்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக வேறெந்த வேலையையும் செய்ததில்லை. ஆனால் இப்போது அதை நினைத்தால் முகம் சுடுகிறது.

எங்கள் கம்பெனி மழைக்கோட்டு தயாரித்தது. சைகோனில் மழைக்கோட்டு என்றால் நம் ஊர்போலக் கை வைத்துத் தைத்த சட்டை இல்லை. போர்வை மாதிரி அகலமான பிளாஸ்டிக் துணி, நடுவில் தலை நுழைக்க ஒரு முக்காடு, அவ்வளவுதான். ஓட்டுகிறவர் மாட்டிக்கொண்டு முன்பக்கத்தை வண்டி விளக்குவரை இழுத்துவிட்டால், பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவியும் பிள்ளையும் பின்பக்கத்துக்குள் புகுந்துகொள்வார்கள். சிக்னலில் நிற்கும்போது ஒரு மழைக்கோட்டுக்குக் கீழே எத்தனை ஜோடிக் கால்கள் தொங்குகின்றன என்று பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. மே மாதத்தில் மழை இறங்கும். அதற்கு முன்னால் ஒவ்வொரு ஊர் வியாபாரியின் கடையிலும் சரக்கு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எந்த ஊருக்கு எத்தனை பெட்டி என்று முன்கூட்டியே திட்டம் போடுவதுதான் என் வேலை. திருச்சியில் படித்துவிட்டு, சென்னையில் சில வருடம் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு, அந்த வேலைக்காக நான் இங்கே வந்தபோது தூ டுக் நெடுஞ்சாலை ஓரத்தில் மெட்ரோ ரயிலுக்கான தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்கள் அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தத் தூண்கள் தெரியும்.

அந்த வருடம்தான் தலைமையகம் ஒரு புதிய மென்பொருளை எங்கள் தலையில் கட்டியிருந்தது. பார்ப்பதற்கு எக்செல் அட்டவணை மாதிரியேதான் இருக்கும். ஆனால் அடிக்கிற எண் நம் கணினியில் தங்காது, நேராகத் தலைமையகத்துக்குப் போய்விடும். சாம்பல் நிறக் கட்டங்களை நாம் தொட முடியாது, வெள்ளைக் கட்டங்கள்தான் நமக்கு. ஊர் ஊராக, மாதம் மாதமாக, அந்த வெள்ளைக் கட்டங்களை ஒவ்வொன்றாகக் கையால் நிரப்ப வேண்டும். மொத்தமாக ஒரே கோப்பாக ஏற்றிவிடலாம் என்றுதான் விற்கும்போது சொன்னார்களாம். ஏற்றிப் பார்த்தோம். பாதி எண்களைத் தேதியாக மாற்றி வைத்துவிட்டு, ஏன் என்று கேட்டதற்கு ஒரு சிவப்பு முக்கோணத்தைக் காட்டியது. ஆகவே கைதான் என்று முடிவாயிற்று. குறித்த நாளுக்குள் சேமித்துவிட வேண்டும். அதற்கப்புறம் வெள்ளைக் கட்டங்களும் சாம்பலாகிப் பூட்டிக்கொள்ளும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் தொழிற்சாலை துணி வெட்டும், லாரி சரக்கு ஏற்றும். போன வருடம் எவ்வளவு விற்றது என்று பக்கத்திலேயே காட்ட வேண்டிய வரிசை காலியாகக் கிடந்தது. அந்த மென்பொருளுக்குப் போன வருடம் என்று ஒன்று கிடையாதே.

வியாபாரிகளுக்கு மின்னஞ்சல் எல்லாம் ஒத்துவராது. போனில்தான் சொல்வார்கள், அதுவும் வியட்நாமிய மொழியில். எனக்கு அப்போது அந்த மொழியில் நன்றி சொல்லவும் காப்பி வாங்கவும்தான் தெரியும். வழக்கமாக அந்த எண்களைக் கேட்டு வாங்கும் பெண் பிரசவ விடுப்பில் போயிருந்தாள். மென்பொருளைத் திறக்கும் அனுமதி என்னிடம் இருந்தது, வியாபாரிகளோடு பழக்கம் நானாவுக்கு இருந்தது. நானாவின் ஆங்கிலம் அரைகுறை. "நீங்கள் இருவரும் ஒரே மொழிக்காரர்கள்தானே, சேர்ந்து உட்கார்ந்து முடித்துவிடுங்கள்" என்றார் எங்கள் மேலாளர். அந்த அம்மாளை அலுவலகத்தில் எல்லோரும் சீ ஹாய் என்றுதான் கூப்பிடுவார்கள். சீ என்றால் அக்கா, ஹாய் என்றால் இரண்டு. இந்தப் பக்கத்தில் வீட்டின் மூத்த பிள்ளையை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், இரண்டு என்றுதான் சொல்வார்கள். எண்கள் இந்த ஊரில் வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பதற்கு மேலாளரின் பெயரிலேயே எனக்கு ஓர் எச்சரிக்கை இருந்திருக்கிறது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

நானா என்பது அவர் பெயரில்லை. காரைக்கால் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் வேலையில் சேர்ந்த புதிதில், நடைபாதையில் நின்று அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு ஐம்பது வயது தாண்டிய ஒருவர் சற்றுத் தள்ளி நின்று, நான் பேசி முடிக்கும்வரை நகராமல் இருந்தார். பார்க்க வியட்நாமியர்போலவே இருந்தார், நிறம் மட்டும் கொஞ்சம் கூடுதல். நான் போனை வைத்ததும் கிட்டே வந்து, "நீங்க காரைக்காலா?" என்றார். நான் அசந்து போனேன். திருச்சி என்றேன். "அது எங்கிட்டு இருக்கு? காரைக்காலுக்குப் பக்கமா?" என்றார். அவர் காரைக்காலையே பார்த்ததில்லை. அவருடைய வாப்பா அங்கிருந்து வந்து, டோங் டு தெருப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்தவர். அம்மா வியட்நாமியப் பெண். எழுபத்தைந்தில் ஊர் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறியபோது நானா பள்ளிக்கூடப் பையன். சொந்தக்காரர்கள் சிலர் காரைக்காலுக்கும் சிலர் பிரான்சுக்கும் கிளம்பிப் போக, வாப்பா மட்டும் பெண்டாட்டி பிள்ளைகளோடு இங்கேயே இருந்துவிட்டார். கடை இருக்கவில்லை. நானா சைக்கிள் ரிக்‌ஷா மிதித்து, கூட்டுறவுக் கடையில் அரிசி அளந்து, மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றி, கடைசியில் எங்கள் கம்பெனியின் விநியோகப் பிரிவுக்கு வந்து சேர்ந்திருந்தார். வாப்பா போனபின் அவரோடு தமிழ் பேச மிஞ்சியது அவருடைய அக்கா ஒருவர்தான். அவரை லாத்தா என்பார். நானாவின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தமிழ் தெரியாது. நான் வந்ததும் ஒன்று இரண்டாயிற்று. வீட்டில் லாத்தா, ஆபீசில் நான்.

அதை அவர் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டார் என்பதைக் காலையிலேயே பார்க்கலாம். என் மேசைக்கு வராமல் அவர் தன் மேசைக்குப் போகவே மாட்டார். "பசியாறிட்டியா தங்கச்சி?" என்று கேட்டு, ஆம் என்று சொன்னாலும் என்ன பசியாறினேன் என்று கேட்டு, பிறகு தான் என்ன சாப்பிட்டார் என்று சொல்லி, லாத்தா சண்டை போட்டதைச் சொல்லி, மழை வருமா என்று கேட்டு, எப்படியும் கால் மணி நேரம் தமிழ் பேசிவிட்டுத்தான் போவார். அவருடைய தமிழில் வேடிக்கைகளும் இருந்தன. ஒருநாள் போனில் கூப்பிட்டு எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், "நான் பீரோவுல இருக்கேன் தங்கச்சி" என்றார். பிரெஞ்சுக்காரர்கள் அலுவலகத்தைச் சொல்லும் சொல் அது, வாப்பா காலத்திலிருந்து அவர் வீட்டில் புழங்கியிருக்கிறது. எனக்கோ துணி அடுக்கும் இரும்பு பீரோவுக்குள் அவர் மடங்கி உட்கார்ந்திருக்கிற மாதிரித் தோன்றிவிட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். காரணம் சொன்னதும் அவரும் சேர்ந்து சிரித்தார். அப்போது அவருக்கு அது உறுத்தவே இல்லை. நானும் அதில் தப்பு எதையும் காணவில்லை.

மென்பொருள் பூட்டிக்கொள்ளும் நாளுக்கு முந்தைய நாட்களில் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். அவர் பக்கம் தொலைபேசி, என் பக்கம் திரை. வியாபாரிகள் ஒருவர் பேசி முடிப்பதற்குள் அடுத்தவர் கூப்பிடுவார். எழுதி வைத்துக்கொண்டு பிறகு அடிக்கலாம் என்றால் நேரம் கிடையாது. நானா சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டே போனேன். "எரநூத்தி மூணு." "நூத்தி ரெண்டு." "முந்நூறு." "நூத்தி அஞ்சு." சைகோனில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, என் வீட்டுச் சந்தைக் கணக்கு மாதிரித் தமிழில் எண் கேட்டு வேலை பார்ப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். நானாவுக்கும் பெருமை தாங்கவில்லை. பக்கத்து மேசைப் பையன்கள் எங்களை வாய் பிளந்து பார்ப்பதை ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டு, எண்களை இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். "வாப்பா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாஹ" என்றார் ஒருமுறை. கடைசிக் கட்டத்தை நிரப்பிச் சேமித்ததும் இருவரும் கீழே போய் இளநீர் குடித்தோம்.

மழை அந்த வருடம் சொன்னபடி வந்தது. எங்கள் சரக்குதான் வரவில்லை. முதல் மழைக்கே ஊர் ஊராகக் கடைகள் காலியாகிவிட்டன. வியாபாரிகள் கேட்ட அளவுக்கு எங்கள் தொழிற்சாலை வெட்டவே இல்லை. வேறு கம்பெனியின் மழைக்கோட்டை வாங்கிக் கடைகளில் மாட்டிவிட்டார்கள். சீ ஹாய் எங்களையும் விநியோகப் பிரிவையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார். கான் தோ ஊர் வியாபாரி ஸ்பீக்கரில் கத்திக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் "சம் ஹாய்" என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அந்த அம்மாள் போனை வைத்துவிட்டு, நிதானமாக, ஆங்கிலத்தில் என்னிடம், "அவர் நூற்று இருபது பெட்டி சொன்னதாகச் சொல்கிறார். இங்கே ஏன் நூற்று இரண்டு இருக்கிறது?" என்று கேட்டார். நானா சொன்னதைத்தான் அடித்தேன் என்றேன். நானா என் பக்கம் திரும்பி, "என்ன தங்கச்சி? நூத்தி ரெண்டுன்னுதானே சொன்னேன்?" என்றார்.

"ஆமா நானா. நூத்தி ரெண்டுன்னுதான் அடிச்சேன்" என்றேன்.

ஒரு நிமிடம் எங்கள் இருவருக்கும் உயிர் வந்தது. அவர் சொன்னதும் நூத்தி ரெண்டு, நான் அடித்ததும் நூத்தி ரெண்டு, பின் யார்மேல் குற்றம்? இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டோம். சீ ஹாய் ஒன்றும் புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு நான் மடிக்கணினியை நானாவின் பக்கம் திருப்பினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கட்டத்தை உற்றுப் பார்த்தார். "இது சம் லே ஹாய் ஆச்சே" என்றார். "நூத்தி ரெண்டுக்கு ஏன் இப்படிப் போட்டே?"

"நூத்தி ரெண்டுன்னா இதுதான் நானா. தமிழ்ல இதுதான்."

வியட்நாமிய மொழியில் நூறும் இரண்டும் சேர்ந்தால் நூற்று இருபது. சம் என்றால் நூறு, ஹாய் இரண்டு. சம் ஹாய் என்று பேச்சுவழக்கில் சொன்னால் நூறும் இரண்டு பத்தும் என்று அர்த்தம். நூற்று இரண்டைச் சொல்ல வேண்டுமானால் நடுவில் லே என்று ஒரு சொல்லைப் போட வேண்டும். நானா அந்த ஊர் எண்ணை அப்படியே தமிழ்ச் சொல்லாக்கி என்னிடம் தந்திருக்கிறார். நான் அதைத் திருச்சிக் காதால் வாங்கியிருக்கிறேன். சீ ஹாய் விரலைத் திரையில் வைத்து வரிசையாக இறங்கினார். 203, 102, 105, 304. முழு நூறுகளைத் தவிர எல்லா எண்ணுக்கும் நடுவில் ஒரு சைபர். அத்தனை சைபரைப் பார்த்தும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லையே என்று அப்போதுதான் தோன்றியது. நானா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காது மடல்கள் சிவந்துவிட்டன. "அப்போ சம் ஹாயத் தமிழ்ல என்னான்னு சொல்லுவாஹ?" என்று மிக மெதுவாகக் கேட்டார். நூத்தி இருபது என்றேன். அவருக்கு இருபது என்ற சொல் தெரியாததில்லை. ஆனாலும் அதை முதல்முறை கேட்கிறவர்போல ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இதில் நான் சொன்னது எதுவும் பொய்யில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், பதிலும் சரியானதுதான். ஆனால் "தமிழ்ல இதுதான்" என்று நான் சொன்ன விதம் எனக்கே பிடிக்கவில்லை. அப்படியென்றால் அவர் பேசியது என்ன மொழி?

விஷயம் விளங்கியதும் கூட்ட அறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கெட்ட சிரிப்பில்லை அது. யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை, இரண்டு தமிழர்கள் தமிழில் பேசிக் கம்பெனியைக் கவிழ்த்துவிட்டார்கள் என்ற நிம்மதிச் சிரிப்பு. சீ ஹாயும் சிரித்தார். இனிமேல் எண்ணை எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்பதோடு விட்டுவிட்டார், யார் வேலையும் போகவில்லை. ஆனால் கதை கீழே சாப்பாட்டுக் கூடம்வரை இறங்கியது. கிடங்குப் பையன்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். நானா தட்டோடு வந்து உட்கார்ந்தால் ஐஸ் போட்ட தேநீர்க் கோப்பையைத் தூக்கி, "நுத்தி ரெந்து!" என்று கத்துவார்கள். எல்லோரும் சேர்ந்து திரும்பச் சொல்வார்கள். அவரும் கோப்பையைத் தூக்கிச் சிரிப்பார். என்னைப் பார்த்தும் கத்தினார்கள், நானும் சிரித்தேன். எனக்கு அது ஒரு வேடிக்கை. என் தமிழைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாதே.

அதன்பிறகு நானா என்னிடம் ஓர் எண்ணைக்கூடத் தமிழில் சொல்லவில்லை. துண்டுக் காகிதத்தில் எழுதி என் விசைப்பலகைமேல் வைத்துவிட்டுப் போவார். அது வேலைக்காக என்று முதலில் நினைத்தேன். பேத்திக்கு என்ன வயது என்று கேட்டால் விரல்களை விரித்துக் காட்டினார். எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்று கேட்டால் ஆங்கிலத்தில் சொன்னார். எண்ணிலிருந்து அது மற்ற சொற்களுக்கும் பரவியது. ஏதோ சொல்ல வந்து, பாதியில் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து, "சரிதானே?" என்று கேட்பார். அப்புறம் கேட்பதையும் விட்டார். காலையில் பசியாறிட்டியா என்பது போய், எல்லோரையும் கேட்கிற மாதிரி வியட்நாமியத்தில் கேட்டுவிட்டுத் தன் மேசைக்குப் போய்விடுவார். ஒருநாள் வழிமறித்து, என்மேல் கோபமா என்று கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்ல தங்கச்சி. வெக்கமாப் போச்சு" என்றார். "இத்தினி நாளு உன்கிட்ட என்னென்ன பேசினேனோ, எதெது தப்போ. நீயும் சிரிக்காம கேட்டுக்கிட்டு இருந்திருக்கே."

பீரோவுக்குச் சிரித்தது என் நினைவுக்கு வந்தது, அவருக்கும் வந்திருக்கும். தப்பொன்றும் இல்லை நானா, நன்றாகத்தான் பேசுகிறீர்கள் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வாத்தியார் பாஸ் போட்டுவிட்டேன் என்று சொல்வதைப் பெயிலான பிள்ளை கேட்டுக்கொள்வதுபோல இருந்தது.

நோன்பு மாதத்தில் ஒருநாள் அவரே என் மேசைக்கு வந்தார். "லாத்தாவுக்கு உன்னைப் பாக்கணுமாம். நோன்பு தொறக்க வூட்டுக்கு வர்றியா?" என்றார், தமிழில். எனக்கு அப்படியொரு மகிழ்ச்சி. வீட்டுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். ஆற்றைத் தாண்டி, இரண்டு மோட்டார் சைக்கிள்கள் ஒன்றையொன்று கடக்க முடியாத ஒரு சந்தில் அவர் வீடு. லாத்தா வாசலிலேயே நின்றிருந்தார். இங்கத்துப் பெண்கள் வீட்டில் உடுத்தும் பூப்போட்ட சட்டையும் பைஜாமாவும், அதன்மேல் தலையை மூடி ஒரு வெள்ளைத் துப்பட்டி. என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், வளையலைத் தடவிப் பார்த்து, "தங்கமா? எங்க வாங்கினே? உம்மா இருக்காஹளா? கல்யாணம் ஏன் பண்ணிக்கல?" என்று மூச்சு விடாமல் கேட்டார். நானா பேசியதைவிட வேகமான, கொஞ்சமும் கூச்சமில்லாத தமிழ். தமிழ்நாட்டிலிருந்து ஒரு பெண் தன் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்ற சந்தோஷத்தில் அவர் உட்காரவே இல்லை. நானா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட விழாவில் தன் பிள்ளை மேடையில் பேசும்போது பெற்றவர் உட்கார்ந்திருப்பார்களே, அப்படி.

டோங் டு பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்ற லாத்தா போவதுண்டாம். அங்கிருந்து கொண்டுவந்த கஞ்சியைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டே, "எங்கெங்கேயோ இருந்தெல்லாம் வர்றாஹ. மலேசியா, இந்தோனேசியா, நம்ம சென்னைப் புள்ளைங்ககூட. முந்தாநாளு எம்பது பேருதான். நேத்து நூத்தி ரெண்டு பேரு. அண்டா பத்தல" என்றார்.

எனக்குச் சரியாகவே புரிந்தது. எண்பது பேருக்குப் போதுமான அண்டா நூற்று இருபது பேருக்கு எப்படிப் போதும்? நான் ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினேன். நானா அடுக்கிக்கொண்டிருந்த கரண்டிகளைக் கீழே வைத்தார்.

"நூத்தி ரெண்டு இல்ல லாத்தா."

"பின்னே? சம் ஹாய். நான்தானே கோப்பைய எண்ணி வெச்சேன்."

"சம் ஹாய்தான். ஆனா தமிழ்ல நூத்தி இருவதுன்னு சொல்லணும். நாம சொல்றது தப்பு. வேணும்னா தங்கச்சியக் கேளுங்க."

லாத்தா என்னைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். "கடையில வாப்பா அப்படித்தானே சொல்லுவாஹ? பக்கத்துக் கடைக்காரஹளும் அப்படித்தானே சொல்லுவாஹ?" என்றார்.

"வாப்பா சொன்னதும் தப்புதான்."

அதுவரை அது நானாவின் அவசரத்தில் வந்த தடுமாற்றம் என்றே நினைத்திருந்தேன். ஒரு தெருவே அப்படித்தான் தமிழ் பேசியிருக்கிறது. நாளெல்லாம் வியட்நாமியத்தில் துணி அளந்துவிட்டு, தங்களுக்குள் பேசும்போது அந்த எண்ணையே தமிழாக்கிச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவருக்கும் கேட்டவருக்கும் அது நூற்று இருபதுதான். அந்தக் கடைகளில் யாருக்கும் சரக்குக் குறைந்திருக்காது. அதைத் தப்பு என்று சொல்ல இரண்டாயிரம் மைல் தள்ளியிருந்து ஒருத்தி வரவேண்டியிருந்தது. "இல்ல லாத்தா, நீங்க சொல்றதும் சரிதான். எனக்கு நல்லாப் புரிஞ்சுது. அப்படியே சொல்லுங்க" என்றேன். "நம்ம மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுது" என்றார் நானா. லாத்தா கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நூத்தி... இருவது" என்று சொல்லிப் பார்த்தார். சொல்லிவிட்டு, சரியா என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார். எழுபது வயதைத் தாண்டிய மனுஷி. தலையாட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நான் கஞ்சியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவர் கிண்ணத்தை என் முன்னால் நகர்த்தினார். சாப்பிடு மகளே என்றார், வியட்நாமியத்தில். அதற்கப்புறம் அக்காவும் தம்பியும் தங்களுக்குள் பேசிக்கொண்டதும் அந்த மொழியில்தான். பாங்கு ஒலித்தது, நோன்பு திறந்தோம், கஞ்சி நன்றாக இருந்தது என்று நான் மட்டும் தமிழில் சொன்னேன்.

வேறு வேலைக்கு மாறிய பிறகும் நான் இந்த ஊரிலேயே தங்கி, இந்த ஊர் மொழியையும் கற்றுக்கொண்டுவிட்டேன். மெட்ரோ ஓடுகிறது. எண்களை இப்போது வியாபாரிகளே கைப்பேசியில் அடித்துவிடுகிறார்களாம், நடுவில் யாரும் உட்கார வேண்டியதில்லை. நானா ஓய்வு பெற்றுவிட்டார். சில மாதங்களுக்கு முன் அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. தன் அக்கா இறந்துவிட்டதாக வியட்நாமியத்தில் சொன்னார். லாத்தா என்ற சொல்லைக்கூட அவர் சொல்லவில்லை. "எப்ப நானா?" என்று தமிழில் கேட்டேன், பதில் வியட்நாமியத்தில் வந்தது. "நான் வரட்டுமா?" என்றேன், அதற்கும் வியட்நாமியத்தில்தான் வா என்றார். இன்னும் ஒருமுறை தமிழில் பேசினால் அவரைப் பரீட்சைக்குக் கூப்பிடுவதுபோல ஆகிவிடுமோ என்று பயந்து நானும் மாறிக்கொண்டேன்.

தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் அவர் என்னிடம் வந்தார். நன்றாக மெலிந்திருந்தார். லாத்தாவின் கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னார், நானும் ஆறுதலாகச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், எல்லாம் வியட்நாமியத்தில். பேச்சின் நடுவில், நீ எங்கள் மொழியை இவ்வளவு நன்றாகப் பேசுவாய் என்று எனக்குத் தெரியாது, ஒரு பிழைகூட இல்லை என்றார். மனதாரத்தான் சொன்னார். என்னால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.